தலையணை சரியா இருந்தா லேஸும் சரியா வரும்!

ஸ்லோவேனியாவின் இட்ரியா நகரில் தலையணை தூங்க மட்டுமல்ல, லேஸ் பின்னவும்தான்! பாதரசச் சுரங்கத் தொழிலாளர்களின் மனைவிகள் குடும்பச் செலவைச் சமாளிக்கக் கைகொடுத்த தொழில் இது. 1876-ல் தொடங்கிய லேஸ் பள்ளி இன்றும் இயங்குகிறது. ஸ்லோவேனியாவின் இந்தக் கலைக்கு 2018-ல் யுனெஸ்கோ அங்கீகாரமும் கிடைத்தது.

எந்த டிசைனுக்கு எந்தத் தலையணை? நாடாபோல வளைந்து போகும் இட்ரியா லேஸுக்கு உருளைத் தலையணை. சில ஜோடி பாபின்களே போதும். பெல்ஜியத்தின் நுணுக்கமான லேஸ்களில் பாபின்கள் நூறைத் தாண்டும். அவற்றைப் பரப்பி வைக்கத் தட்டைத் தலையணை வேண்டும். எதுவானாலும் கெட்டியாக இருக்கணும். குண்டூசி ஆடினால் டிசைனே கோணிவிடும்.

நாடாவின் வளைவுகளை குரோஷா ஊசியால் இணைப்பதுதான் கஷ்டமான இடம். மற்றபடி மிரள வேண்டாம். நூலைக் குறுக்கே மாற்றுவது, முறுக்குவது... அடிப்படை இந்த இரண்டே அசைவுகள்தான். ஒரு நேரத்தில் நான்கு பாபின்களை மட்டும் பாருங்கள். மற்றவற்றை ஒதுக்கி வையுங்கள். பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்!