கல்வெட்டுத் தொகுப்பும் திறவுத் திரட்டு வகுப்பும்: திருப்பதி, சித்தூர்ப் பகுதிக் கல்வெட்டுகளை முன்வைத்து

திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களின் கல்வெட்டுகளைத் திருப்பதி தேவஸ்தானம் 1930களில் ஆறு தொகுதிகளாக வெளியிட்டது. சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வி. விசயராகவாசாரியார் ஆகியோர் பதிப்பித்த இத்தொகுதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை தமிழ்க் கல்வெட்டுகளே. இத்தகைய தொகுப்பைக் கணிப்பொறியில் ஏற்றுவோர் முதலில் முடிவு செய்ய வேண்டுவது, ஒரு கல்வெட்டைப் பிறிதொன்றிலிருந்து எதனால் பிரித்தறிவது என்பதாகும். அதனைப் பொருள்நோக்கு நிரலாக்கத்தின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திரட்டின் இயல்பு

பல பொருள்களைச் சேர்த்து வைக்கும் வகுப்பைத் திரட்டு எனலாம். வரிசைத் திரட்டில் ஒரு பொருளை அது நிற்கும் இடத்தின் எண்ணால் பெறுகிறோம்; அகராதித் திரட்டில் ‘கீ’ எனப்படும் திறவுச்சொல்லால் பெறுகிறோம். இவ்விரண்டின் பயனையும் ஒருங்கே தருவது திறவுத் திரட்டு. இதன் தனித்தன்மை, திறவுச்சொல் பொருளின் உள்ளேயே அமைந்திருத்தல். வெறும் அகராதியில் ஒரு கல்வெட்டைப் பிறிதொன்றின் திறவுச்சொல்லின்கீழ் யாரும் தவறி வைத்துவிடக்கூடும். திறவுத் திரட்டிலோ பொருளைச் சேர்க்கும்போது திரட்டே அதனிடமிருந்து திறவுச்சொல்லைப் பெற்றுக்கொள்கிறது. அத்திறவுச்சொல் முன்பே இருப்பின் சேர்க்க மறுக்கிறது.

டாட்நெட் கட்டமைப்பின் 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கென ஓர் அடிப்படை வகுப்பு இடம்பெற்றது. அதனை மரபேற்கும் வகுப்பில் நிரலர் கட்டாயமாக எழுத வேண்டிய செயற்கூறு ஒன்றே ஒன்று: பொருளைப் பெற்று அதன் திறவுச்சொல்லைத் தருவது. ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில் வரிசையையும் அகராதியையும் உள்ளடக்கிய வகுப்பை நாமே அமைத்துக்கொள்ளலாம். எவ்வாறு அமைப்பினும், ஓரிரு வரிகளில் முடியும் அச்செயற்கூற்றில் எழுதப்படுவதே முழுத் திரட்டின் நம்பகத்தன்மையையும் முடிவு செய்கிறது.

எது திறவுச்சொல் ஆகும்?

காலம் ஆகுமா எனில், ஆகாது. கிருஷ்ணதேவராயர் 1513ஆம் ஆண்டு திருமலைக்கு அளித்த கொடைகள் ஒரே நாளுக்குரியனவாகப் பல மொழிகளில் தனித்தனியே பொறிக்கப்பட்டுள்ளன; நாளைத் திறவுச்சொல்லாக்கினால் ஒன்றே திரட்டினுள் நுழையும். ஆண்டுப் பெயரும் உதவாது. அக்கொடைகளுக்குரிய ஆங்கீரச ஆண்டு அறுபதாண்டுச் சுழற்சியில் 1572–73இல் மீண்டும் வருகிறது. அரசன் பெயரோ இன்னும் நிலையற்றது. வெள்ளித் திருமேனி எழுந்தருளுவித்த சாமவையின் கல்வெட்டில் குறிக்கப்பெறும் அரசன் யாவன் என்பதிலேயே ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆய்வின் முடிவாக வர வேண்டியதை அடையாளமாக முன்னரே நிறுத்துதல் பொருந்தாது.

இடப்பெயர் கொள்ளலாமே எனத் தோன்றும். அதிலுள்ள இடர்ப்பாடு சற்று விரிவாக நோக்கத்தக்கது. சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானது. அதற்கு முன் திருப்பதி வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. திருச்சானூரும் காளத்தியும் அதனுட் சென்றன. ‘சித்தூர், திருச்சானூர், 5’ என்பதைத் திறவுச்சொல்லாகக் கொண்ட ஒரு பொருளில், 2022க்குப் பின் ஒருவர் மாவட்டப் பெயரை மட்டும் திருத்துகிறார் என்க. பொருள் மாறிற்று, ஆனால் திரட்டின் அகராதி பழைய திறவுச்சொல்லையே வைத்திருக்கிறது. புதிய பெயரால் கேட்டால் ‘இல்லை’ என்கிறது. பழைய பெயரால் கேட்டால் தன்னைத் திருப்பதி மாவட்டத்தது என்று கூறிக்கொள்ளும் கல்வெட்டைத் தருகிறது. வரிசையாக எண்ணினாலோ கணக்கில் குறைவில்லை. அப்பொருளை நீக்க முயன்றால் வரிசையிலிருந்து நீங்கும். அகராதியில் பழைய திறவுச்சொல் நிழலாக எஞ்சும். பிழைச்செய்தி ஏதும் தோன்றாமையால், அக்கல்வெட்டு அறியப்படாததென ஆய்வாளர் எழுதிவிடவும் கூடும்.

ஆகவே அச்சிட்ட பதிப்பின் எண்ணே தக்கது. காளத்தி முதலிய ஊர்களின் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் வரிசையிலும் உள்ளமையால், வரிசையின் பெயர், தொகுதி எண், கல்வெட்டு எண் என்னும் மூன்றும் சேர்ந்த ஒரு சிறு வகுப்பாகத் திறவுச்சொல்லை அமைத்தல் வேண்டும். மூன்றையும் ஒரே சரமாக ஒட்டிவிடலாகாது. ஒட்டினால் 1, 112 என்பதும் 11, 12 என்பதும் ஒன்றாகிவிடும். உருவாக்கிய பின் இவ்வுறுப்புகள் மாறாதவாறு பூட்டப்படுதலும், சமம் காணும் செயற்கூறும் ஹேஷ் எண் கணிக்கும் செயற்கூறும் மூன்றையுமே கருத்திற்கொள்ளுதலும் இன்றியமையாதவை. மாவட்டம், அரசன், காலம் ஆகியன விருப்பம்போல் திருத்தத்தக்க பண்புகளாகப் பொருளினுள் இருக்கட்டும்.

பெயரடைவும் தமிழெழுத்தும்

ஊர்ப்பெயரால் தேடும் தேவை இதனால் நீங்கிவிடாது. ஒரு பெயர் பல கல்வெட்டுகளில் வருமாதலின் அதற்குத் திறவுத் திரட்டு பொருந்தாது. பெயருக்கு எதிரே பதிப்பெண்களின் பட்டியலைக் கொண்ட அடைவு வேண்டும். ஈண்டுத் தமிழுக்கே உரிய சிக்கல்கள் எழுகின்றன. கல்வெட்டுகளில் எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை, புள்ளியும் அரிது. திருச்சானூரே திருச்சோகினூர் என வருகிறது. எழுத்து வேறுபாட்டை, நெடிலைக் குறிலாக்கித் தேடற்சொல் உருவாக்கும் ஒரு செயற்கூறு தீர்க்கும். பெயர் வேறுபாட்டை ஆய்வாளர் தரும் இணைப்பெயர்ப் பட்டியலே தீர்க்கும். இரண்டிலும் கல்வெட்டின் மூலபாடம் கைபடாதிருத்தல் வேண்டும்.

யூனிகோடிலும் கவனம் தேவை. ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுத இயலும். கண்ணுக்கு ஒன்றாயினும் நிரலுக்கு அவை வேறு. இயல்பாக்கம் செய்தால் இவ்விரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் ஔகாரக் குறிக்கு மாறாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் தட்டச்சு செய்யப்பட்டிருப்பின் அது இயல்பாக்கத்துக்கும் அகப்படாது. தனியே சோதித்தல் வேண்டும்.

அடைவை அகரவரிசையில் அச்சிடுவதற்கும் குறியீட்டெண் வரிசை உதவாது. அதில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன. புள்ளியின் எண் உயிர்க்குறிகளின் எண்களுக்குப் பிற்பட்டதாகையால் ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பின்னே செல்கிறது. எனவே அடைவு வகுப்புக்கு, மெய்யெழுத்தை உயிர்மெய்க்கு முன்னும், ழகர ளகர றகர னகரங்களை வகரத்துக்குப் பின்னும் நிறுத்தும் ஒப்பீட்டு வகுப்பொன்றை எழுதித் தர வேண்டும். அவ்வகுப்பை வரிசைப்படுத்த மட்டுமே பயன்படுத்துக. சமம் காண்பதற்கு அதனைப் பயன்படுத்தலாகாது.