ஓசையால் அறிந்த விமானங்கள்

விமானங்களைப் பற்றிப் பேசிப் பொழுது போக்குவோர் வேலையற்றோர் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். பலாலி விமான நிலையத்துக்கு அண்மையில் உள்ள ஒரு தேநீர்க் கடை வாங்கிலே கழித்த ஒரு பிற்பகற் பொழுது அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது.

அவ்வாங்கில் வழமையாகக் கூடுவோர் மூவர். ஒருவர் எண்பதை எட்டிய இளைப்பாறிய ஆசிரியர். மற்றவர் அயலிலே மோட்டார்ச் சைக்கிள் திருத்தும் கராஜ் வைத்திருப்பவர், வயது நாற்பத்தேழு. மூன்றாமவர், பாடசாலை விட்டதும் தந்தையைத் தேடி அங்கு வரும் அவருடைய மகள், பதினான்கு வயது. வெங்காயத்தின் விலையில் தொடங்கும் அவர்களது பேச்சு, மழையையும் கிணற்று நீரையும் பரீட்சையையும் சுற்றி வந்து, ஈற்றில் எப்படியோ விமானத்தில் வந்து நிற்கும்.

பலாலியில் ஓடுபாதை அமைத்தவர்கள், இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானிய விமானப் படையினர். யுத்தம் முடிந்தபின், 1947ஆம் ஆண்டு மார்கழி 10ஆந் திகதி, 'எயர் சிலோன்' தன் முதற் சேவையைத் தொடங்கியது. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட அந்த டக்கோட்டா விமானம், காங்கேசன்துறை எனப் பெயர் வழங்கிய இந்நிலையத்தில் இறங்கியே சென்னைக்குச் சென்றது. வான்வழியே அளந்தால் இரத்மலானையும் சென்னையும் பலாலிக்கு ஏறக்குறையச் சம தூரத்திலேயே உள்ளன. ஒவ்வொன்றும் 350 கிலோமீற்றருக்கு அண்மையில் என்பது வாசகர்கள் சிலருக்கு வியப்பூட்டலாம்.

ஆசிரியர் தம் பதினைந்தாம் வயதில் டக்கோட்டாவில் ஏறியவர். தந்தையாரின் கண் சத்திர சிகிச்சைக்காகக் கொழும்புக்குச் சென்ற பயணம் அது.

"வாலின் கீழே சிறு சக்கரம், மூக்கு வானைப் பார்த்தபடி நிற்கும். வாயிலால் ஏறினால், ஆசனத்துக்கு மலை ஏறுவது போல நடக்க வேண்டும். காது அடைக்காமலிருக்க இனிப்புத் தந்தார்கள். என் பங்கையும் ஐயாவுக்கே கொடுத்துவிட்டேன்" என்றார் அவர்.

இனிப்புக்குக் காரணம் உண்டு. டக்கோட்டாவினுள் காற்றழுத்தத்தைச் சீராக்கும் வசதி இருக்கவில்லை. எச்சிலை விழுங்குந்தோறும் செவிக்கும் தொண்டைக்கும் இடையேயுள்ள குழாய் திறந்து, உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமனாகும்.

"அதன் இயந்திரம் சூடாகாதா, தாத்தா?" என்று மாணவி கேட்டாள். விடை கூறியவர் தந்தை.

"எங்கள் தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்தின் தலையில் அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கின்றன அல்லவா பிள்ளை? காற்றுப் பட்டுச் சூடு ஆறுவதற்கே அவை. டக்கோட்டாவிலும் அதே முறைதான். ஒவ்வோர் இயந்திரத்திலும் பதினான்கு சிலிண்டர். வட்டமாக இரண்டு வரிசை. முன்னால் சுழல்விசிறி, வீசும் காற்றே அவற்றை ஆற்றும்."

"தம்பிக்கு என்னைவிட விமான அறிவு அதிகம்" என்று ஆசிரியர் நகைத்தார். தந்தை நகைக்கவில்லை.

"மாஸ்டர், நீங்கள் ஆசையால் கற்றீர்கள், நான் அச்சத்தால் கற்றேன். 'ஹெலி'யின் ஓசை வேறு, 'பொம்பர்' வேறு, 'சகடை' வேறு. எங்கள் வயதுப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்வார்கள். எந்தப் பக்கம் திரும்புகிறது, பதுங்குகுழிக்கு ஓட நேரம் உண்டா என்பதும் எங்களுக்குத் தெரியும்."

வாங்கிலே சிறிது நேரம் பேச்சில்லை. பயிற்சிக்கென இத்தாலியில் வடிவமைக்கப்பட்ட மார்செட்டி விமானமும், ஆட்களையும் பொருள்களையும் ஏற்றவெனச் சீனாவில் ஆக்கப்பட்ட வை-12 விமானமும் அந்நாளில் குண்டு வீசப் பயன்பட்டன. ஒரே யந்திரம் ஒருவனுக்கு வாகனமாகவும் மற்றொருவனுக்கு யமனாகவும் அமைவதற்கு, அதனைச் செலுத்துவோரின் நோக்கமன்றி வேறென்ன காரணம்?

1990ஆம் ஆண்டு ஆனி மாதம் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. பிறந்த வீடும் காணியும் இன்னும் அவர் கைக்கு வரவில்லை. ஆயினும், 2019ஆம் ஆண்டு ஐப்பசி 17ஆந் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே சென்னைச் சேவை தொடங்கியபோது, அவரும் வீதிக்கு வந்து அண்ணாந்து பார்த்தாராம். 2020இல் நின்றுபோன அச்சேவை 2022 மார்கழியில் மீண்டும் தொடங்கியது.

"பிள்ளையின் கேள்விக்கு என்ன பதில், தம்பி?" என்று ஆசிரியர் மெல்லத் தொடங்கினார்.

அப்பொழுதே நமக்கு விடயம் விளங்கிற்று. விமானப் பொறியியல் கற்க வேண்டும் என்பது மாணவியின் ஆசை. தாய் உடன்பட்டுவிட்டார். தந்தையோ மாதக் கணக்காக மௌனம் சாதிக்கிறார்.

"கணக்கில் கெட்டிக்காரி, தடுப்பதற்கு நியாயம் இல்லை, மாஸ்டர். ஆனால், வாழ்நாள் முழுவதும் அந்த ஓசைக்குள்ளேயா இவள் இருக்க வேண்டும்?"

அவர் சொல்லி முடிக்குமுன் தூரத்தே ஓர் இரைச்சல் எழுந்தது. அடுத்த கணம் நாம் கண்ட காட்சியை எளிதில் மறக்க மாட்டோம். தந்தையின் கை, அவர் அறியாமலே, மகளின் தலையைப் பற்றிக் கீழே அமுக்கிற்று. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அவருடைய தாய் அவரை அமுக்கிய வண்ணம் அது.

மகள் அக்கையை விலக்கவில்லை. குனிந்தபடியே, "அப்பா, இது ஏ.டி.ஆர். இறங்குகிறது" என்றாள்.

கை தளர்ந்தது. மூவரும் அண்ணாந்து நோக்கினர். உடலின் மேற்புறத்தே பொருந்திய சிறகுகளும் இரு சுழல்விசிறிகளும் தெளிவாகத் தெரிந்தன.

"சக்கரம் இறக்கிவிட்டானா?"

"ஓம், அப்பா. டக்கோட்டாவின் விசிறிக்கு மூன்று இதழ், இதற்கு ஆறு."

விமானம் பனைகளின் பின்னே மறையும் வரை அவர் பார்வையை எடுக்கவில்லை. பின்னர் ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "ஏன் ஆறு வைத்தார்கள் என்று படித்து வந்து எனக்கும் சொல்லு பிள்ளை" என்றார்.

ஆசிரியர் நம்மை நோக்கிக் கண் சிமிட்டினார். நாம் விடைபெற்று எழுந்தபோது, பேச்சு மீண்டும் வெங்காயத்தின் விலைக்குத் திரும்பியிருந்தது.