நலம் அனைவர்க்கும்

பெருந்தொற்று எல்லோரையும் தாக்கும். எனினும் எல்லோரையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. 2020 மே மாதத்தில், சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியாகக் கடலூர் மாவட்டத்தில் கொரோனா விரைந்து பரவியது. வீட்டிலிருந்தே பணிபுரிய இயன்றோர் விலகியிருந்தனர். அன்றாடக் கூலியை நம்பியோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடித்து வாழும் இருளர்க்கு, ஓரறைக் குடிசையில் தனித்திருத்தலும் அரிதே.

2021 ஜனவரி 16இல் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. ஆனால், நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டோர் புதிய மருந்தை ஐயுறுவது இயல்பு. அவ்வையத்தை ஆணையைவிட, அறிமுகமானவரின் சொல்லே எளிதில் நீக்கும். நீலகிரியில் நலப்பணியாளர்கள் பழங்குடித் தலைவர்களுடனும் தொண்டு நிறுவனங்களுடனும் இணைந்து குடியிருப்புகளுக்கே சென்றனர். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கூடும் தேவாலயங்களும் முடிதிருத்தகங்களும் தடுப்பூசி மையங்களாயின.

2021 ஆகஸ்டு 5இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் இந்நெறியைச் சார்ந்ததே. மகளிர் தன்னார்வலர்கள் வாயிலாக, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகள் இல்லந்தோறும் சேர்கின்றன. ஒரு குடியிருப்பு விடுபடினும் தொற்று மீண்டும் பரவ வழியுண்டு. ஆதலின் கடைசி வீட்டைக் காப்பதே ஊரைக் காப்பதாகும்.