நடையும் ஒரு வழிபாடே!

தைப்பூசத் திருநாள் வந்துவிட்டால் ஜொகூர் மாநிலத்து முருகன் ஆலயங்களை நோக்கிக் காவடிகள் ஆடி வரும். பால்குடம் தாங்கிய தாய்மார்கள், அலகு பூண்ட இளைஞர்கள், பெற்றோர் கைபிடித்த சிறார்கள் என அனைவரும் வெறுங்காலுடன் நடந்தே வருகின்றனர். மாநிலப் பொது விடுமுறையாகிய அந்நன்னாளில் நடை நமக்குப் பாரமாகத் தோன்றுவதில்லை, நேர்த்திக்கடனாகவே தோன்றுகிறது.

ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையே நிலைமை மாறிவிடுகிறது. கூப்பிடு தொலைவிலுள்ள ஆலயத்திற்கும் காரில் புறப்படுகிறோம். நாம் பிரகாரத்தை மூன்று முறை வலம் வருவதற்கு முன்பே, நிறுத்த இடம் தேடி நம் கார் ஆலயத்தை ஐந்து முறை வலம் வந்துவிடுகிறது! ஆண்டிற்கொரு நாள் இறைவனுக்கு அர்ப்பணிக்கும் நடையை அன்றாட வாழ்விலும் ஏன் மேற்கொள்ளலாகாது?

அருளாளர் நடந்த வழி

நம் சமய மரபு நடையிலேயே வளர்ந்தது. பாலகராகிய திருஞானசம்பந்தர் திருநெல்வாயில் அரத்துறைக்கு நடந்து வருந்தியபோது, இறைவன் முத்துச்சிவிகை அருளினான் என்பது பெரியபுராணச் செய்தி. கயிலையைக் காண விழைந்த திருநாவுக்கரசரோ, பாதங்கள் தேய்ந்த பின் கைகளால் ஊர்ந்தும், மார்பால் தவழ்ந்தும், உடலால் உருண்டும் சென்றார். தலங்கள்தோறும் நடந்து சென்று பாடியமையால் விளைந்த செல்வமே தேவாரம்.

அம்மரபு இன்றும் அறுபடவில்லை. செட்டிநாட்டு நகரத்தார் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காவடி சுமந்து பழனிக்குப் பாதயாத்திரை செல்கின்றனர். திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் அன்பர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகின்றனர். நம் நாட்டிலும் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்படும் வெள்ளி இரதத்துடன் இரவெல்லாம் நடந்து பத்துமலையை அடைந்து, 272 படிகளையும் ஏறுவோர் எண்ணற்றோர்.

தோட்டத்தில் தொடங்கிய வாழ்வு

ஜொகூர்த் தமிழர்க்கு நடை புதிதன்று. ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மரத்திற்கு மரம் நடந்து பால்வெட்டி, பால்வாளி சுமந்து குடும்பத்தைக் காத்தவர்கள் நம் முன்னோர். வெளிக்காட்டிற்கும் கடைத்தெருவிற்கும் மிதிவண்டியே துணை. தோட்டத்து மாரியம்மன் கோயில் லயத்திலிருந்து சில நிமிட நடையில் இருந்தது. திருவிழா என்றால் தோட்டமே தேரின் பின்னால் நடந்தது.

பின்னர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். 1985இல் புரோட்டோன் சாகா சாலைக்கு வந்தபின், சொந்தக் கார் என்பது நடுத்தரக் குடும்பங்களின் கைக்கெட்டிய கனவாயிற்று. வேலை ஓரிடம், பள்ளி ஓரிடம், ஆலயம் ஓரிடம் என வாழ்க்கை சிதறியபோது கார் தேவையாகவும் ஆயிற்று. எனவே காரைப் பழிப்பது முறையன்று. நடந்தே முடிக்கத்தக்க பணிக்கும் அதனையே நாடுவதுதான் சிந்திக்கத்தக்கது.

உடல் காட்டும் கணக்கு

2017ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏழு லட்சத்திற்கும் மேற்பட்டோரின் கைப்பேசிப் பதிவுகளைக் கொண்டு மக்களின் நடையைக் கணக்கிட்டனர். ஒப்பிட்டு நோக்கப்பட்ட 46 நாடுகளுள் மலேசியா கடைசியிலிருந்து மூன்றாவது. ஹாங்காங் மக்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 6,880 அடிகள் நடக்க, மலேசியர் நடந்தது 3,963 அடிகளே.

2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு காட்டும் செய்தி நெஞ்சைத் தைப்பது. மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளானவர்கள். இந்தியர்களிடையே அது ஏறத்தாழ 31 விழுக்காடு. பத்துப் பேரில் மூவர் என்பது இதன் பொருள். உணவும் பரம்பரையும் காரணங்களே. ஆயினும் நடை குருதியிலுள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்தத் துணைபுரிகிறது. கவனியாத நீரிழிவு முதலில் தாக்குவனவற்றுள் பாதங்களும் அடங்கும். காவடி சுமந்து கோயிலுக்கு வந்த பாதங்களை இழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்து திருவிழாக் காணும் பெரியோரை நம்மிடையே காண்கிறோம் அல்லவா?

ஒரு மண்டல நடைவிரதம்

காவடிக்கு 48 நாள் விரதம் ஏற்போர் உண்டு. அதுபோல ஒரு மண்டலம் நடைவிரதம் ஏற்போம். ஒரு கிலோமீட்டருக்கு உட்பட்ட இடங்களுக்கு நடந்து செல்வது, சற்றுத் தொலைவானால் மிதிவண்டியில் செல்வது என்பதே நியதி. ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆலயத்திற்குச் சென்று திரும்பினாலே ஏறத்தாழ 2,600 அடிகள் சேரும். வாரத்திற்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாள்தோறும் அரைமணி நேரமாக ஐந்து நாள் நடந்தால் அது நிறைவேறும்.

காரில் வரவேண்டியவர்களுக்கும் வழியுண்டு. ஜொகூர் பாரு நகரின் நடுவே 1911இல் எழுந்த அருள்மிகு இராஜமாரியம்மன் தேவஸ்தானமும், 1922இல் தோன்றிப் பின்னர்க் கண்ணாடிக் கோயிலாகப் புகழ்பெற்ற அருள்மிகு ஸ்ரீ இராஜகாளியம்மன் ஆலயமும் நடக்கும் தொலைவிலேயே உள்ளன. காரை ஓரிடத்தில் நிறுத்தி, இரண்டையும் நடந்தே தரிசிக்கலாம்.

எச்சரிக்கையும் தேவை. வெயில் ஏறுமுன் காலையிலோ, தாழ்ந்தபின் மாலையிலோ புறப்படுக. இருளில் வெளிர்நிற ஆடை அணிக. மிதிவண்டிக்கு விளக்கும் தலைக்கவசமும் இன்றியமையாதன. நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலுடன் சுடுதாரில் நடத்தலாகாது. காலணியுடன் ஆலய வாயில் வரை வந்து அங்கே கழற்றுவதே அறிவுடைமை. முதியோரும் நோயுற்றோரும் மருத்துவரைக் கலந்து தொடங்குக.

ஆலய நிர்வாகத்தினரும் உபயதாரர்களும் இதற்குத் துணைநிற்கலாம். மிதிவண்டி நிறுத்த நிழலுள்ள ஓர் இடம், கால் கழுவக் குழாய், நடந்து வருவோர்க்குத் தண்ணீர்ப் பந்தல் ஆகியன பெருஞ்செலவு கோருவன அல்ல. நடைபாதையும் தெருவிளக்கும் இல்லாத இடங்களில் ஊராட்சி மன்றத்திடம் ஆலயத்தின் பெயரால் முறையிடுவதும் இறைபணியே.

தேரில் உலா வரும் முருகப் பெருமானைக் காண நடந்து வரும் அன்பர்களே! நீங்கள் இந்த ஆண்டு மட்டுமன்றி, முதுமையிலும் உங்கள் கால்களாலேயே அவன் சந்நிதிக்கு வந்து சேர வேண்டும். அதற்கு அவன் திருவருள் துணைபுரிவதாக!