தீரும் சக்தி, தீராத சக்தி: அடுப்படியிலிருந்து ஓர் அறிமுகம்

காலையில் அடுப்பு மூட்டுவது முதல் இரவில் விளக்கை அணைப்பது வரை ஒரு குடும்பப் பெண்ணின் நாள் முழுவதும் சக்தியோடு தொடர்புபட்டே கழிகின்றது. விறகு பொறுக்குவதும், தண்ணீர் அள்ளுவதும், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்பதும் பெரும்பாலும் அவளுடைய பொறுப்பாகவே உள்ளன. ஆயினும் எரிபொருள், மின்சாரம் என்ற பேச்சு வந்தவுடன் அது படித்தவர்களுக்கும் ஆண்களுக்கும் உரிய விடயம் என்று நாம் ஒதுங்கி விடுகிறோம். குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்கும் பெண்களுக்கு இந்த ஒதுங்கல் கட்டுப்படியாகாது. எந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது, எது தீர்ந்து போகும், எதற்குப் பணம் கொடுக்கிறோம், எதற்கு எமது உடலைக் கொடுக்கிறோம் என்பவற்றை அறிந்தால்தான் வீட்டுச் செலவையும் உடல்நலத்தையும் காத்துக்கொள்ள முடியும்.

சக்தி என்றால் என்ன?

வேலை செய்வதற்கான ஆற்றலையே சக்தி என்கிறோம். வெப்பம், ஒளி, அசைவு, மின் என்று அது பல வடிவங்களில் உள்ளது. அதை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றலாமே தவிர, புதிதாக ஆக்கவோ அழிக்கவோ முடியாது. இது எமக்குப் புதிய பாடமல்ல. 1990 இல் யாழ். குடாநாட்டிற்கான மின்சாரம் நின்றுபோன பின்னர் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் எமது மக்கள். உண்ட உணவின் சக்தி உடலின் அசைவாகி, டைனமோவில் மின்சாரமாகி, வானொலியில் ஒலியாக மாறியது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கில் எண்ணெயின் சக்தி ஒளியாகவும் வெப்பமாகவும் மாறியது. தட்டுப்பாட்டுக் காலம் எமக்குச் சக்தியின் பெறுமதியை நன்றாகவே கற்றுத்தந்திருக்கிறது.

தீருவதும் தீராததும்

சக்தி மூலங்களை வகைப்படுத்தும் முதலாவது முறை, அவை மீண்டும் உண்டாகுமா என்று பார்ப்பதாகும். நிலக்கரி, பெற்றோலிய எண்ணெய், இயற்கை வாயு ஆகியன பல இலட்சக்கணக்கான, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதையுண்ட தாவரங்களிலும் உயிரினங்களிலும் இருந்து உருவானவை. நாம் ஒரு நாளில் எரிப்பதை இயற்கையால் ஓர் ஆயுட்காலத்திலும் திருப்பித்தர முடியாது. ஆகவே இவை புதுப்பிக்க முடியாத சக்தி மூலங்களாகும். அணுமின் நிலையங்களில் பயன்படும் யுரேனியமும் நிலத்திலிருந்து தோண்டி எடுக்கப்படுவதால் இப்பிரிவிலேயே சேர்க்கப்படுகிறது.

சூரிய ஒளி, காற்று, ஓடும் நீர், தாவரக் கழிவு, சாணம், கடலலை, பூமியின் உள்வெப்பம் ஆகியன புதுப்பிக்கத்தக்க சக்தி மூலங்களாகும். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குச் சூரியனே தாய். சூரியன் நிலத்தையும் கடலையும் சூடாக்குவதால் காற்று வீசுகிறது; கடல்நீர் ஆவியாகி மழையாக விழுவதால் ஆறு ஓடுகிறது; வெயிலை உண்டு மரம் வளர்கிறது. பூமியின் உள்வெப்பம் மட்டும் வேறு வழியில் வருவது. திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நாம் உணர்வது அந்த வெப்பத்தையே.

எமது நாட்டில் இரு வகையும் பயன்பாட்டில் உள்ளன. மலைநாட்டில் லக்ஸபான, கொத்மலை, விக்டோரியா போன்ற நிலையங்கள் நீரிலிருந்து மின்சாரம் தருகின்றன. மன்னார் தீவில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட 103.5 மெகாவோற் காற்றாலைப் பண்ணையில் 30 காற்றாலைகள் உள்ளன. சோளகக் காற்று வீசும் மாதங்களில் அங்கு உற்பத்தி கூடுதலாக இருக்கும். மறுபுறத்தில், 900 மெகாவோற் கொள்ளளவுடைய நுரைச்சோலை அனல்மின் நிலையம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரியில் இயங்குகிறது. டொலர் இல்லாவிட்டால் நிலக்கரியும் எண்ணெயும் இல்லை. 2022 இல் எரிபொருள் வரிசைகளிலும், மார்ச் மாத இறுதியில் 13 மணித்தியாலம் வரை நீடித்த மின்வெட்டிலும் இதை நாம் நேரில் அனுபவித்தோம். அதே ஆண்டு ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. தீர்ந்துபோகும் சக்தியில் தங்கியிருக்கும் வீட்டின் விளக்கு எங்கோ ஒரு துறைமுகத்தில் நிற்கும் கப்பலோடு கட்டப்பட்டிருக்கிறது.

மின்சாரம் எந்தப் பிரிவைச் சேர்ந்தது?

இரண்டாவது வகைப்படுத்தல், சக்தி இயற்கையிலிருந்து நேரடியாகக் கிடைக்கிறதா, மாற்றப்பட்டு வருகிறதா என்பதாகும். வெயில், காற்று, விறகு, நிலக்கரி என்பன முதல்நிலைச் சக்தி மூலங்கள். மின்சாரம், கரி, சுத்திகரித்த மண்ணெண்ணெய் என்பன இரண்டாம்நிலையானவை. “மின்சாரம் சுத்தமான சக்தி” என்று சொல்வது முழு உண்மையல்ல. அது நீரிலிருந்து வந்ததா, நிலக்கரியிலிருந்து வந்ததா என்பதைப் பொறுத்தே அதன் சுத்தத்தைச் சொல்லலாம். எமது வீட்டில் புகை இல்லாவிட்டாலும் அந்தப் புகை வேறோர் ஊரில் எழக்கூடும்.

பணம் கொடுப்பதும் உடலைக் கொடுப்பதும்

மூன்றாவது வகைப்படுத்தல் எமக்கு மிகவும் நெருக்கமானது. எரிவாயு, மண்ணெண்ணெய், மின்சாரம் ஆகியவை விலைக்கு விற்கப்படும் வர்த்தகச் சக்திகள். பொறுக்கிய விறகு, பொச்சுமட்டை, சிரட்டை, காவோலை, கங்குமட்டை, ஊமல், சாணம் என்பன சந்தைக்கு வராத மரபுவழிச் சக்திகள். இவற்றுக்குப் பற்றுச்சீட்டு இல்லாததால் இவை இலவசம் என்று கருதப்படுகின்றன. ஆனால் விறகுக்காக நடந்த நேரமும், சுமந்த பாரமும், புகையில் எரிந்த கண்ணும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதப்படுவதில்லை. போர் நடந்த இடங்களில் விறகு தேடிப் பற்றைக்குள் செல்பவருக்கு மிதிவெடி ஆபத்தும் இருந்தது. இன்றும் அகற்றப்படாத பகுதிகளின் எச்சரிக்கைப் பலகைகளைத் தாண்டி ஒருபோதும் போகக்கூடாது.

புகையின் விலையும் பெரிது. வீட்டுக்குள் எரிக்கும் எரிபொருட்களின் புகையால் 2020 இல் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணிப்பிட்டுள்ளது. அடுப்பருகே அதிக நேரம் இருக்கும் பெண்களும் அவர்களது சிறு பிள்ளைகளுமே இப்புகையைக் கூடுதலாகச் சுவாசிக்கின்றனர்.

விறகு புதுப்பிக்கத்தக்கதா?

பாடப் புத்தகம் விறகைப் புதுப்பிக்கத்தக்கது என்கிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மரம் வளரும் வேகத்துக்குள் வெட்டினால் மட்டுமே அது புதுப்பிக்கத்தக்கது. வளர்வதைவிட வேகமாக வெட்டினால் விறகும் எண்ணெயைப் போலத் தீர்ந்து போகும். நிலத்தடி நீரும் மழையும் வெய்யிலும் அதனால் மாறுபடும். பொதுவாகச் சொன்னால், புதுப்பிக்கத்தக்கது என்பது பொருளின் குணம் மட்டுமல்ல, நாம் அதை எடுக்கும் அளவுமாகும்.

இதற்கு எமது வேலியே வழிகாட்டுகிறது. வேலியோரத்தில் சீமைக்கிளுவை நட்டால் அது வெட்ட வெட்டத் துளிர்க்கும். தடி விறகாகவும், இலை ஆட்டுக்கு உணவாகவும் பயிருக்குப் பசளையாகவும் பயன்படும். ஒவ்வொரு பக்கத்து வேலியையும் மாறி மாறி வெட்டினால் ஆண்டு முழுவதும் விறகு கிடைக்கும். பற்றைக்குள் போகவேண்டிய தேவையும் குறையும்.

எமது வீட்டில் தொடங்கக்கூடியவை

முதலாவது, அடுப்பு. மூன்று கல் அடுப்பில் வெப்பத்தின் பெரும் பங்கு வெளியே போய்விடுகிறது. 1980 களில் இலங்கையில் அறிமுகமான ‘அனகி’ அடுப்பு இரண்டு பானை வைக்கக்கூடிய களிமண் அடுப்பாகும். முதற் பானையைச் சூடாக்கிய வெப்பம் இரண்டாவது பானைக்கும் செல்வதால் விறகு மிச்சமாகும். அதைச் சுற்றிக் களிமண், சாணம், உமி கலந்த சாந்தைப் பூசினால் வெப்பம் வெளியேறாது. விறகை நன்கு காயவைத்துச் சிறிதாகப் பிளந்து எரிப்பதும், பானையை மூடிச் சமைப்பதும், புகை போக வழி விடுவதும் செலவில்லாத வழிகள்.

இரண்டாவது, சாணவாயு. காற்றுப் புகாத தொட்டியில் சாணத்தையும் தண்ணீரையும் சம அளவில் கரைத்து விட்டால், நுண்ணுயிர்கள் அதிலிருந்து எரியக்கூடிய மீதேன் வாயுவை உண்டாக்கும். சுமார் 25 கிலோ சாணத்திலிருந்து ஒரு கனமீற்றர் அளவு வாயு கிடைக்கும். சிறிய குடும்பமொன்றின் அன்றாடச் சமையலில் பெரும்பகுதிக்கு அது உதவும். தொழுவத்தில் கட்டி வளர்க்கும் இரண்டு மூன்று மாடுகள் உள்ள வீட்டுக்கே இது பொருந்தும். தொட்டியிலிருந்து வெளிவரும் கரைசல் தோட்டத்துக்கு நல்ல பசளை. ஒரு மாடு மட்டும் உள்ள இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்தும் செய்யலாம்.

மூன்றாவது, சூரிய விளக்கு. இதைக் கணக்கிட்டே வாங்க வேண்டும். 5 வோற் எல்.ஈ.டி. மின்குமிழ்கள் மூன்றை இரவில் 4 மணித்தியாலம் எரித்தால் 60 வோற்-மணி தேவை. 20 வோற் சூரியப் பலகைக்கு நல்ல வெயில் 4 மணித்தியாலம் கிடைத்தால் 80 வோற்-மணி வரும். பற்றரியில் வீணாகும் பங்கு போக, மூன்று மின்குமிழ்களுக்கும் அது ஓரளவு போதும். மழைக்காலத்தை எண்ணிச் சற்றுப் பெரிய பலகை எடுப்பது நல்லது. பலகையை மர நிழல் விழாத இடத்தில், தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்த்துப் பொருத்த வேண்டும். தூசியைத் துடைப்பதும், நீர் ஊற்றும் வகைப் பற்றரியாயின் காய்ச்சி வடித்த நீர் விடுவதும் நாமே செய்யக்கூடியவை. மண்ணெண்ணெய் விளக்கு சரிந்து பிள்ளைகள் தீக்காயம் அடையும் ஆபத்தும் இதனால் நீங்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வெயில் இலவசமாயினும் பலகையும் பற்றரியும் இலவசமல்ல. தவணைக் கடனில் வாங்குமுன் மொத்தமாக எவ்வளவு திருப்பிச் செலுத்த வேண்டும், பற்றரி எத்தனை வருடம் உழைக்கும், பழுதானால் யார் திருத்துவார் என்று எழுத்தில் கேட்க வேண்டும். நுண்கடனால் எமது பெண்கள் பட்ட துன்பம் ஒரு விளக்கின் பெயரால் மீண்டும் வீட்டுக்குள் வரக்கூடாது. முடிந்தவரை மாதர் சங்கத்தின் சேமிப்பிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பானது.

கேட்கும் உரிமை

புதுப்பிக்கத்தக்கது என்றவுடன் எல்லாம் நன்மையே என்றும் எண்ணிவிடக்கூடாது. மன்னாரில் மேலும் காற்றாலைகள் அமைப்பதற்கு எதிராக 2025 ஓகஸ்டில் மக்கள் வீதிக்கு இறங்கினர். மழைநீர் வடிந்தோடும் வழி, மீன்பிடி, வலசை வரும் பறவைகள் பற்றிய கவலைகள் முன்வைக்கப்பட்டன. காற்று எவருக்கும் சொந்தமில்லை. ஆனால் காற்றாலை நாட்டப்படும் நிலத்தில் மக்கள் வாழ்கிறார்கள். எங்கே அமைப்பது, யாருக்கு நன்மை என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அந்தக் கூட்டங்களில் அடுப்பெரிக்கும் பெண்களின் குரலும் ஒலிக்க வேண்டும்.

சகோதரிகளே, சக்தியை வகைப்படுத்தத் தெரிந்தவளுக்கு அதைத் தெரிவு செய்யவும் தெரியும். இந்த மாதம் உங்கள் வீட்டில் எரியும் ஒவ்வொரு பொருளையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அது தீருமா தீராதா, அதற்குக் கொடுத்த பணம் எவ்வளவு, செலவழித்த நேரம் எவ்வளவு என்று பக்கத்தில் குறியுங்கள். எதை முதலில் மாற்றவேண்டும் என்பதை அந்தப் பக்கமே உங்களுக்குச் சொல்லும்.