மின்காந்தப் பாடத்துக்கு ஒரு பழைய கிளட்ச்

ஒன்பதாம் வகுப்பில் மின்காந்தத்தை ஆணியில் கம்பி சுற்றித்தான் காட்டுகிறோம். குண்டூசிகள் ஒட்டிக்கொண்டதும் மாணவர்கள் மகிழ்வார்கள். மறு ஆண்டு ஓம் விதி நடத்தும்போது அந்த ஆணி பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. இந்த இரு பாடங்களையும் இணைக்க நான் பயன்படுத்தும் பொருள், பிக்கப் வண்டியின் ஏசி கம்ப்ரசர் கிளட்ச். பட்டறைகளில் கழற்றிப் போட்டதைக் கேட்டால் கொடுப்பார்கள். எடைக்குப் போகும் பொருள்தான்.

மூன்று பாகங்கள்

முதலாவது, பேரிங்கில் சுழலும் புல்லி. எஞ்சின் ஓடும்போதெல்லாம் பெல்ட் இதைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, புல்லிக்குப் பின்னால் கம்ப்ரசர் உடலில் பொருத்திய, சுழலாத கம்பிச்சுருள். மூன்றாவது, புல்லிக்கு முன்னால் கம்ப்ரசர் தண்டில் பொருத்திய இரும்புத் தட்டு. தட்டுக்கும் புல்லிக்கும் இடையே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. ஏசியைப் போட்டால் சுருள் காந்தமாகும். தட்டு 'டக்' என்று புல்லியில் ஒட்டும். உராய்வினால் இரண்டும் சேர்ந்து சுழல, கம்ப்ரசர் இயங்கும்.

வகுப்பில் வைத்த கேள்வி

எங்கள் மாணவி ஒருவரின் தந்தை பிக்கப்பில் காய்கறி ஏற்றிச் செல்பவர். காலையில் வேலை செய்யும் ஏசி நண்பகலில் நின்றுவிடும்; மாலையில் மீண்டும் வேலை செய்யும். கம்ப்ரசரையே மாற்ற வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தக் குடும்பத்துக்கு அது பெருஞ்செலவு. "வெயில் ஏறினால் ஏன் நிற்கிறது?" என்று வகுப்பில் கேட்டேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். 30 டிகிரி செல்சியஸில் சுருளின் மின்தடை 4 ஓம் எனில், 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் பாயும். செம்பு சூடானால் அதன் மின்தடை கூடும். எஞ்சின் வெப்பத்தில் சுருள் 110 டிகிரியை எட்டினால் மின்தடை சுமார் 5.2 ஓம்; மின்னோட்டம் 2.3 ஆம்பியராகக் குறையும். காந்தவிசையும் குறையும். தட்டு தேய்ந்து இடைவெளியும் கூடியிருந்தால், சூட்டில் தட்டை இழுக்க அந்த விசை போதாது. பின்னர் வேறொரு மெக்கானிக் அளந்து பார்த்தார். இடைவெளி 1 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. கிளட்சை மட்டும் மாற்றியதும் ஏசி சரியானது.

மாற்றும் முறை

மாற்றும் முன் மூன்று சோதனைகள் தேவை. சுருளுக்கு 12 வோல்ட் வருகிறதா? வரவில்லை என்றால் குறை ஃபியூஸ், ரிலே அல்லது வாயு அழுத்தத்தில் இருக்கலாம். சுருளின் மின்தடை சரியா? மல்டிமீட்டர் முடிவிலி காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. எஞ்சினை நிறுத்தியபின் தட்டைக் கையால் சுழற்ற முடிகிறதா? முடியாவிட்டால் கம்ப்ரசரே இறுகிவிட்டது. கிளட்சை மாற்றிப் பயனில்லை.

பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, பெல்ட்டை எடுக்க வேண்டும். நடுவிலுள்ள போல்ட்டைக் கழற்றினால் தட்டு வரும். அடியிலுள்ள மெல்லிய சிம் வளையங்களைத் தொலைக்கக் கூடாது. பிறகு சர்க்ளிப்பை நீக்கிப் புல்லியையும், அடுத்த சர்க்ளிப்பை நீக்கிச் சுருளையும் எடுக்கலாம். புதியதைத் தலைகீழ் வரிசையில் பூட்டி, ஃபீலர் கேஜால் இடைவெளியை அளந்து, சிம்மைக் கூட்டியோ குறைத்தோ அந்த வண்டிக்குரிய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். வாயுக் குழாய் எதையும் திறக்க வேண்டியதில்லை. இது முக்கியம். பல வண்டிகளில் உள்ள ஆர்-134ஏ வாயு, கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கக்கூடியது. பீறிட்டுத் தோலில் பட்டால் உறைபுண் உண்டாகும்.

வகுப்பறைச் செயல்பாடு

சுருளை ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் பேட்டரியுடன் சில நொடிகள் மட்டும் இணையுங்கள். தட்டுக்கும் புல்லிக்கும் இடையே ஒவ்வொரு தாளாகச் செருகச் சொல்லுங்கள். தாள்கள் கூடக் கூடப் பிடி தளர்வதை மாணவர்கள் கையாலேயே உணர்வார்கள். ஓடும் எஞ்சினருகே மாணவர்களை விட வேண்டாம்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் அறையில் ஏசி கட்டாயம். இந்த வேலைக்கு நம் மாணவர்களில் சிலர் போவார்கள். பாகத்தை மாற்றுமுன் அளந்து பார்க்கும் பழக்கத்தோடு அவர்கள் போகட்டும்.