வண்டு வந்த அரிசி

"தம்பி, உங்க அரிசியில வண்டு ஓடுது. வந்து எடுத்துக்கிட்டுப் போங்க."

கரையான்சாவடியில் என்னிடம் முதன்முதலாக ஐந்து கிலோ கிச்சிலிச் சம்பா வாங்கிய அக்காவின் போன். வாங்கி நாற்பது நாள் ஆகியிருந்தது. "மருந்து அடிக்காத அரிசின்னா வண்டு வரத்தாங்க செய்யும்" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. நம்மில் பலர் அதைத்தான் சொல்கிறோம். ஆனால் அது பாதி உண்மைதான். நெல்லை 14 விழுக்காடு ஈரத்துக்குள் காயவைத்துவிட்டு அரைக்க வேண்டும். மழை மூட்டம், அவசரம். நான் ஈரத்தோடு அரைத்துவிட்டேன். அதை அப்படியே அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போய் வேறு அரிசி கொடுத்துவிட்டு, வண்டு அரிசியைக் கொண்டுவந்து கோழிக்குப் போட்டேன்.

அடுத்த மாதம் அந்த அக்கா தன் தெருவிலேயே நான்கு வீடுகளைச் சேர்த்துவிட்டார்.

எனக்குத் திருவள்ளூர் தாண்டி மூன்று ஏக்கர். நெல்லை வியாபாரிக்குப் போடாமல் அரிசியாக்கி, பூந்தமல்லி, கரையான்சாவடி, குமணன்சாவடி வீடுகளுக்கு நானே வண்டியில் கொண்டுபோகிறேன். கடையும் இல்லை, விளம்பரமும் இல்லை. ஒரு வீடு இன்னொரு வீட்டுக்குச் சொன்னால்தான் உண்டு.

புதிதாக வருகிற உழவர்கள் என்னிடம் முதலில் கேட்பது சான்றிதழைப் பற்றித்தான். ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருக்கிற சிறு உற்பத்தியாளர், சாப்பிடுகிறவருக்கே நேரடியாக விற்றால், இயற்கை விளைபொருளுக்கான 2017 உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளில் சான்றிதழிலிருந்து விலக்கு இருக்கிறது. ஆனாலும் நாங்கள் பி.ஜி.எஸ். குழுவில் சேர்ந்தோம். குறைந்தது ஐந்து உழவர்கள் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்து உறுதி சொல்லும் முறை அது. மாறிக்கொண்டிருக்கும் நிலத்துக்கு 'கிரீன்', முழுதாக மாறியதற்கு 'ஆர்கானிக்'. உண்மையைச் சொன்னால், வாங்குகிறவர்களில் அந்தத் தாளைக் கேட்டவர் இரண்டு பேர்தான். மற்றவர்கள் கேட்பது, "உங்க வீட்டுலயும் இதத்தான் சாப்பிடுறீங்களா?"

இன்னொன்று. சர்க்கரை குணமாகும், மூட்டுவலி போகும் என்று சொல்லி மாப்பிள்ளைச் சம்பா விற்காதீர்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. அதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்தினால் யார் பொறுப்பு? நஞ்சில்லாமல் விளைவித்தேன் என்று சொன்னால் போதும். முதல் தடவை ஒரு கிலோ மட்டும் கொடுங்கள், பொங்கிப் பார்க்கட்டும். ஊறவைக்க வேண்டியதைச் சொல்லிக் கொடுங்கள். சோறு வேகாமல் போனால் பழி அரிசிக்குத்தான்.

எனக்குச் சோதனை 2023 டிசம்பரில் வந்தது. மிக்ஜாம் புயல் மழை. பால் பிடிக்கிற நேரத்தில் வயலில் நாலு நாள் தண்ணீர். அறுத்துத் தூற்றினால் பாதிக்கு மேல் பதர். அறுபது மூட்டை எதிர்பார்த்த இடத்தில் இருபத்திரண்டு. முப்பத்தோரு வீட்டுக்கு அரிசி தருவதாகச் சொல்லியிருந்தேன். பையனுக்குக் கல்லூரிக் கட்டணம், டிராக்டர் வாடகை பாக்கி வேறு. தெரிந்தவர் ஒருவர் வந்து, "அதே மாதிரி சன்ன ரகம் நான் தர்றேன். உன் பையில போட்டுக் குடு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அவர் சொன்னதில் தப்பில்லை, யாருக்கும் தெரிந்திருக்காதுதான்.

மறுநாள் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டேன். சாய்ந்த பயிரின் படத்தையும் அனுப்பினேன். "என்னோடது வீட்டுக்குப் பத்து கிலோதான் வரும். மிச்சம் எங்க குழுவுல இன்னொருத்தரோட அரிசி. மேட்டு நிலம், தப்பிச்சிடுச்சு. அவர் வயலை நான் பார்த்திருக்கேன். பையில அவர் பேரும் நம்பரும் இருக்கும். கிலோவுக்கு அஞ்சு ரூபா கூட. வேணாம்னா சொல்லிடுங்க, தப்பா நினைக்க மாட்டேன்."

ஒன்பது வீடு விலகியது. அந்த மாதம் கைக்கு வந்தது டிராக்டர் பாக்கிக்கே சரியாகப் போய்விட்டது. கல்லூரிக்குத் தங்கம் அடகுக்குப் போனது. விலகியதில் நான்கு வீடு அடுத்த அறுவடைக்குத் திரும்பி வந்தது. மற்ற ஐந்தும் வரவில்லை.

வண்டுக்காகப் போன் செய்த அக்கா, அந்த மேட்டு நிலத்து அரிசியைப் பொங்கிப் பார்த்துவிட்டு, "கோச்சுக்காதீங்க தம்பி, உங்களுதை விட இதுதான் நல்லா இருக்கு" என்றார். இப்போதும் அவருக்கு அந்த அரிசிதான். கொண்டுபோய்க் கொடுப்பது நான்.